பல் தேயாத சக்கரம்

நீச்சலும் சைக்கிளும் ஒருமுறை பழகிவிட்டால் சாகும்வரை மறக்காது என்பார்கள். முதலில் சொன்ன மகானுக்கு முட்டி நன்றாக இருந்திருக்க வேண்டும். ஒன்பது வருஷம் கழித்து மறுபடி சைக்கிள் ஏறப்போகிறேன் என்று நான் சொன்னபோது, காதில் வாங்கியவர்கள் அத்தனை பேரும் இதையே திருப்பிச் சொன்னார்கள். பழைய கூட்டாளி ஒருவன் போனில், "டேய், அதெல்லாம் உடம்புலயே இருக்கும்டா, ஏறி உக்காந்தா தானா வந்துடும்" என்றான். அவனும் நிறுத்தி ஏழு வருஷம் ஆகிறது. மறக்காது என்பதில் அவனுக்கு இருந்த நம்பிக்கை எனக்கும் இருந்தது. மூன்று மாதம் கழித்து இப்போது யோசித்தால், இத்தனை பாடு பட்டதற்குக் காரணமே அந்த நம்பிக்கைதான் என்று படுகிறது. மறந்து தொலைந்திருந்தால் புதிதாகக் கற்றுக்கொள்பவனைப் போல ஒழுங்காக, பயந்து பயந்து ஆரம்பித்திருப்பேன்.

எப்போது நிறுத்தினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நிறுத்தியவர்கள் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். இன்றோடு சரி என்று முடிவெடுத்து யாரும் சைக்கிளை விடுவதில்லை. ஒரு வாரம் மழை. அடுத்த வாரம் வேலை. அதற்கடுத்த வாரம் பின் டயரில் காற்று இல்லை, ஞாயிற்றுக்கிழமை அடித்துக்கொள்ளலாம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. மகள் அப்போது கைக்குழந்தை. இப்போது அவளே சைக்கிள் ஓட்டுகிறாள், பக்கத்தில் நான் ஓடுகிறேன். ஒருநாள் திரும்பிப் பார்த்து, "அப்பா, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாள். கிண்டலெல்லாம் இல்லை, நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தில் வாரத்துக்கு இருநூறு கிலோமீட்டர் ஓட்டியவனிடம் கேட்கிற கேள்வியா அது? அன்று சாயங்காலமே மூலையில் கிடந்த சைக்கிளை வெளியே இழுத்தேன். வைராக்கியத்தில் ஆரம்பிக்கிற காரியங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை.

மூலையிலிருந்து வெளியே

ஓடாத சைக்கிள் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற சைக்கிளுக்குத்தானே தேய்மானம்? போர்வையை எடுத்ததும் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் பக்கவாட்டு ரப்பரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. தரையைத் தொடும் பகுதியில் பட்டன் தேயவே இல்லை. ஆனால் காற்றில்லாமல் ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் நின்றதில் பாரம் முழுக்கப் பக்கச் சுவரில் மடிந்து, அந்த மடிப்பிலேயே ரப்பர் செத்துவிட்டது. காற்றடித்துப் பார்த்தேன். நின்றது. இது ஒரு சூழ்ச்சி என்று பிறகுதான் புரிந்தது: இரண்டாம் நாள் காலையில் ஏறுவதற்கு முன்பே வால்வின் அடிப்பகுதியில் டியூப் பிய்த்துக்கொண்டது. இரண்டு டயர், இரண்டு டியூப், பிரேக் கட்டை, பிரேக் கம்பி எல்லாம் மாற்றினேன். பிரேக் கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை: அது தேயாமலேயே கெட்டுப்போகும். ரப்பர் இறுகி மேல்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டால், பிடித்தால் கிறீச்சென்று சத்தம் வரும், வண்டி மட்டும் நிற்காது. நீண்ட நாள் கழித்து எடுப்பவர்கள் மற்றதை அப்புறம் பார்த்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதை முதலில் பாருங்கள்.

செயினில் இருந்த பழைய எண்ணெய் மெழுகுபோல் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கும் வேலையை மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். செயின் நீண்டிருக்கிறதா என்று பார்க்க அளவுகோல் வைத்து அளந்தேன். சைக்கிள் செயினின் ஒரு கண்ணி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஆகவே 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். ஓட ஓட ஊசிகள் தேய்ந்து அந்தப் பன்னிரண்டு, பன்னிரண்டே சொச்சமாகும். சொச்சம் கூடினால் செயின் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்னும். என்னுடையதில் சொச்சம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. இதை ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், நான் ஒரு காலத்தில் நிறைய ஓட்டியவன் என்பதற்கு என் கையில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தச் சொச்சம்தான். அளவுகோலை மகளிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த மூன்று பல்சக்கரங்களையும் துடைத்துக்கொண்டிருந்தவள், உள்ளே இருந்த சின்னதைச் சுட்டிக்காட்டி, "இது மட்டும் ஏன்ப்பா புதுசா இருக்கு?" என்றாள். "அது அப்படித்தான்மா" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

முதல் நாள்

அந்தப் பழமொழியில் பாதி நிஜம், அதை மறுப்பதற்கில்லை. முதல் நாள் விடியற்காலை, தெருவில் நாய்கூட எழுந்திருக்காத நேரத்தில், கௌரவத்துக்குப் பங்கம் வராமல் இருக்க யாரும் இல்லாத பக்கமாக உருட்டிக்கொண்டு போனேன். பயத்தில் சீட்டை மூன்று விரல்கடை இறக்கி வைத்திருந்தேன், தடுமாறினால் இரண்டு காலையும் ஊன்றிக்கொள்ளலாம் என்று. (இந்தச் சீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) இடது கால் பெடலில், வலது கால் இரண்டு தட்டு தட்டி, தூக்கிப் போட்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான். வண்டி நேராகப் போனது. ஒரு ஆட்டம் இல்லை. ஒன்பது வருஷம் நடுவில் இருந்ததாகவே தெரியவில்லை. விழப்போகிற பக்கமாகவே ஹேண்டில்பாரை இம்மியளவு திருப்பி, சக்கரத்தை உடம்புக்குக் கீழே கொண்டுவந்து நிமிர்த்துகிற வேலையை நொடிக்கு நொடி யாரோ எனக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். அந்த யாரோ சிறுமூளைப் பக்கம் குடியிருப்பவர், நாம் யோசித்தால்தான் அவருக்குக் குழப்பமே. வலது பக்கம் வளைய வேண்டுமென்றால் முதலில் ஹேண்டில்பாரை இடது பக்கம் ஒரு நூல் தள்ளியாக வேண்டும் என்பது சைக்கிள் ஓட்டுகிற எல்லோருடைய கைக்கும் தெரியும். வாயால் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இல்லவே இல்லை என்று சண்டைக்கு வருவார்கள். அப்படிப்பட்ட அறிவு அது. கேள்வி கேட்காமல் இருக்கும்வரை அழியாது.

சரி, மறக்காததைச் சொன்னேன். இனி மறந்தது. முதல் திருப்பத்தில் பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன். தலையோடு தோளும் திரும்பியது, தோளோடு கையும் போனது, கையோடு வண்டியும் நடுச்சாலைக்குப் போனது. எதிரே யாரும் இல்லாதது என் அதிர்ஷ்டம். முன்பெல்லாம் தோள் அசையாமல் கழுத்தை மட்டும் திருப்பி, பின்னால் வருகிறவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். இந்த ஒன்பது வருஷத்தில் கழுத்து திரையைப் பார்த்தே இறுகிவிட்டிருந்தது. ஒரு கையை எடுத்து சைகை காட்டுவதும் அப்படியே, எடுத்த கை மறுபடி பிடியைத் தேடி அலைந்தது. அவசரத்துக்குப் பிரேக் பிடிக்கும்போது உடம்பைப் பின்னால் தள்ள வேண்டும் என்பது நின்ற பிறகு ஞாபகம் வந்தது. ஆக மறக்காதது சாயாமல் போகிற ஒரே ஒரு வித்தைதான். சாலையில் ஓட்டுவது என்பது அதற்கு மேல் இன்னும் பத்து வித்தை. அதற்கப்புறம் நாலைந்து நாள் ஆளில்லாத இடத்தில், கோடு போட்ட ஓரத்தில், திரும்பிப் பார்த்துக்கொண்டே கோட்டை விட்டு விலகாமல் போகப் பழகினேன். பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அன்று மொத்தம் ஆறு கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து இறங்கியபோது தொடை நடுங்கியது. உட்காரும் இடத்தைப் பற்றி விரிவாக எழுத மாட்டேன். இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் இருக்கின்றன, சைக்கிள் சீட்டில் நம் பாரமெல்லாம் அவற்றின் மேல்தான் இறங்குகிறது, சோபாவில் உட்காரும்போது அவை இருப்பதே தெரியாது. அன்றும் மறுநாளும் தெரிந்தது. பஞ்சு மெத்தை மாதிரி சீட் உறை வாங்கிப் போடலாம் என்று கை பரபரக்கும், போடாதீர்கள். எலும்பு அதில் புதைந்து, நடுவில் இருக்கிற மெல்லிய சதையை அழுத்தும், வலி இடம்தான் மாறும். ஒருநாள் விட்டு ஒருநாள் சிறுசிறு தூரம் ஓட்டினால் இரண்டு வாரத்தில் அந்த இடம் தானாகப் பழகிக்கொள்கிறது.

எது போகிறது, எது நிற்கிறது

இரண்டாவது வாரம் எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. முதல் வாரம் நாய் மாதிரி இரைத்த மூச்சு சட்டென்று அடங்கிவிட்டது. ஏதோ பழைய என்ஜின் கிளம்பிவிட்டது போல. ஏன் என்று படித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. பயிற்சியை நிறுத்தினால் முதலில் குறைவது தசை அல்ல, ரத்தத்தின் நீர்தான். சில நாட்களிலேயே பிளாஸ்மா குறைய ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளுகிற ரத்தம் குறைகிறது, அதை ஈடுகட்ட அது வேகமாக அடித்துக்கொள்கிறது. மறுபடி ஆரம்பித்தால் முதலில் திரும்பி வருவதும் அதே நீர்தான், அதுவும் சில நாட்களிலேயே. 1984-ல் எட்வர்ட் கோயில் என்ற உடலியல் அறிஞரும் சகாக்களும், நன்றாகப் பயிற்சி பெற்ற ஏழு பேரைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி 84 நாள் கவனித்திருக்கிறார்கள். உடம்பு உச்சபட்சமாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறன் முதல் 21 நாளிலேயே 7 சதவீதம் இறங்கியது. 56 நாளுக்குப் பிறகு 16 சதவீதக் குறைவில் வந்து நின்றது. ஆனால் தசைக்குள் முளைத்திருந்த நுண்ரத்தக் குழாய்கள் அந்த 84 நாளிலும் அப்படியே இருந்தன. ஒன்பது வருஷத்துக்கு அந்தக் குழாய்கள் தாங்குமா என்றெல்லாம் அதை வைத்துச் சொல்ல முடியாது. எனக்கு அது போதுமானதாக இருந்தது, எனக்குச் சாதகமாக எதைப் படித்தாலும் நம்பிவிடுகிற மனநிலையில் இருந்தேன்.

இன்னொன்றும் படித்தேன், இது இன்னும் ஆபத்தான உற்சாகம். 1966-ல் டல்லாஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே படுக்க வைத்து ஆராய்ந்தார்கள். எழுந்தபோது அவர்களுடைய ஆக்சிஜன் திறனில் கால்வாசிக்கு மேல் போய்விட்டிருந்தது. முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். எடை கூடி, ஐம்பதைத் தொட்டுவிட்டவர்கள். முப்பது வருஷத்தில் மூப்பு பறித்துக்கொண்ட அளவு, அன்று மூன்று வாரப் படுக்கை பறித்த அளவைவிடக் குறைவாக இருந்தது. அதற்குப் பிறகு ஆறு மாதம் மெதுமெதுவாகக் கூட்டிக்கொண்டே போன பயிற்சியில், மூப்பால் போன திறனை அவர்கள் மீட்டார்கள். இதில் "ஆறு மாதம்", "மெதுமெதுவாக" என்ற இரண்டு சொற்களும் என் கண்ணில் படவில்லை. மூன்றாவது வாரம் நான் பழைய மேட்டுக்குப் போனேன்.

மேடு

எல்லோருக்கும் ஒரு மேடு இருக்கும். என்னுடையது ஒன்றரை கிலோமீட்டர், ஒரே சீரான ஏற்றம், நடுவில் ஒரு வளைவு. அந்தக் காலத்தில் ஆறு நிமிஷத்தில் ஏறுவேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வளைவைத் தாண்டியது, உச்சியில் ஒரு மைல்கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பியது எல்லாம் நேற்று மாதிரி இருக்கிறது. ஞாபகத்தில் அந்த மேட்டில் ஒருநாளும் எதிர்காற்று அடித்ததே இல்லை, நான் ஒருநாளும் களைத்ததே இல்லை. ஞாபகம் அப்படித்தான் கணக்கெழுதும்.

மூன்றாவது வார சனிக்கிழமை, முன்னால் நடுப் பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம், பழைய வழக்கப்படி ஏற ஆரம்பித்தேன். பாதியிலேயே வேகம் நடையைவிடக் கொஞ்சம் கூடுதல் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு மிதியும் ஒரு மூட்டையைத் தூக்குவது போல. வளைவில் எழுந்து நின்று, ஹேண்டில்பாரைப் பிடுங்குவது மாதிரி இழுத்து மிதித்தேன். பத்து நிமிஷம் சொச்சம். உச்சியில் கண் இருட்டியது. ஆனால் ஏறிவிட்டேன். திங்கட்கிழமை மறுபடி. புதன்கிழமை மறுபடி. காலில் வலி என்று ஒன்றும் இல்லை, அதுதான் விஷயம். ஓடுகிறவர்களுக்கும் மலையிறங்குகிறவர்களுக்கும் மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு எச்சரிக்கை வரும், தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் வருகிற வலி அது. சைக்கிளில் தசை சுருங்கியே வேலை செய்கிறது, அதனால் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் வருவதில்லை. மூச்சு பத்து நாளில் திரும்பிவிடுகிறது, தசை சில வாரங்களில். எலும்போடு தசையைக் கட்டிவைத்திருக்கிற தசைநாண் இருக்கிறதே, ரத்த ஓட்டம் குறைவான அந்தக் கயிறு, அது மாதக்கணக்கு எடுத்துக்கொள்ளும். என்ஜின் தயார், அச்சு தயாராகவில்லை என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை படியிறங்கும்போது தெரிந்தது. முட்டிச்சில்லுக்கு நேர் கீழே, ஊசி குத்துவது போல. ஏறும்போது இல்லை, இறங்கும்போது மட்டும். கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தேன். மனைவி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "யார்கூடங்க போட்டி போட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். தனியாகத்தான் போனேன் என்றேன். "அப்ப யாரு உங்கள முந்தினது?" என்றாள். காபி ஆறுகிறது என்று பேச்சை மாற்ற வேண்டியிருந்தது.

உள்ளே இருந்த சின்னது

மருத்துவர் பத்து நாள் சைக்கிளைத் தொடாதே என்றார். தொடாமல் இருக்க முடியவில்லை. ஓட்டாவிட்டாலும் துடைக்கலாமே என்று தலைகீழாகக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்தேன். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு அல்லது கியர் கனம், பின்பக்கம் வலித்தால் சீட் உயரம் என்பது பழைய ஓட்டுநர்களுக்கெல்லாம் வாய்ப்பாடு. இன்னொருத்தருக்கு இதே வலி என்றால் நானே சொல்லியிருப்பேன். முதல் நாள் பயத்தில் மூன்று விரல்கடை இறக்கிய சீட்டை இன்னும் ஏற்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் முழுதாக நீள வேண்டும், அதுதான் தோராய அளவு. அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி லேசாக மடிந்தபடி இருக்கும். நான் மூன்று வாரமாக முக்காலியில் உட்கார்ந்தவன் மாதிரி முட்டியை மடக்கி மடக்கி மேடு ஏறியிருக்கிறேன்.

பிறகு அந்தச் சின்னப் பல்சக்கரம். மகளின் கேள்வி ஞாபகம் வந்து, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முன்னால் மூன்று: 48 பல், 38 பல், 28 பல். நடுவில் இருக்கிற 38-ன் பற்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து, சுறாவின் துடுப்புபோல் கூராகி இருந்தன. இரண்டு பற்களுக்கு நடுவில் செயின் உருளை உட்காரும் பள்ளம் நீண்டு அகன்றிருந்தது. 48-ம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. 28 மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்த மேனிக்கு இருந்தது. பல்லின் நுனி தட்டையாக, விளிம்பில் கறுப்புப் பூச்சுகூட உரியாமல். விரலை வைத்து ஒவ்வொரு பல்லாகத் தடவினேன். இருபத்தெட்டிலும் கீறல் இல்லை. அத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் செயின் ஒருமுறைகூட அதன் மேல் உட்கார்ந்ததில்லை. எதற்காக அது வண்டியோடு வந்ததோ அதற்கு நான் அதைப் பயன்படுத்தவே இல்லை. எங்கள் கூட்டத்தில் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தோம், "பாட்டி கியர்". யாராவது மேட்டில் சின்னதற்கு மாற்றினால் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரல் பெரும்பாலும் என்னுடையது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், கணக்குப் போட்டால்தான் எனக்கு வெட்கம் முழுதாக வரும். 38 பல்லும் பின்னால் 28 பல்லும் இருந்தால் பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் ஏறக்குறைய ஒன்றே மூன்றில் ஒரு பங்கு சுற்று சுற்றும். ஆறு நிமிஷத்தில் ஒன்றரை கிலோமீட்டர் ஏறியபோது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம், பெடல் நிமிஷத்துக்கு 85 தடவை சுற்றியிருக்கும். அது லேசான, அழகான மிதி. அன்று அந்தக் கியர் எனக்குச் சரியான கியர். இப்போது வேகம் மணிக்கு 9. அதே கியரில் நிமிஷத்துக்கு 50 சுற்றுதான். முன்னால் சின்ன 28-க்கு மாற்றினால் அதே 9 கிலோமீட்டர் வேகத்துக்கு 70 சுற்று. போகிற வேகம் ஒன்றுதான், செலவாகிற சக்தியும் ஒன்றுதான். ஆனால் நடுச் சக்கரத்தில் ஒவ்வொரு மிதியிலும் முட்டி தாங்குகிற பாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். ஒரு நிமிஷம் சீக்கிரம் போவதற்காகக்கூட நான் முட்டியைக் கெடுத்துக்கொள்ளவில்லை. நடுச் சக்கரத்தில் போனேன் என்று சொல்லிக்கொள்வதற்காக, யாரிடம் என்று தெரியாமல், கெடுத்துக்கொண்டேன்.

இந்த வீம்பு எனக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதில் ஒரு அற்ப ஆறுதல். டூர் தி பிரான்ஸ் பந்தயத்தை 1903-ல் தொடங்கி நடத்திய ஆன்றி தேகிராஞ்சுக்கு, மாற்றக்கூடிய கியர் என்றாலே ஆகாது. அதெல்லாம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு, தசை பலத்தால் ஜெயிப்பதுதானே ஜெயிப்பது என்கிற தொனியில் 1902-லேயே எழுதியிருக்கிறார். செயினைத் தூக்கிப் போட்டு மாற்றுகிற கியர் அந்தப் பந்தயத்தில் 1937-ல்தான் அனுமதிக்கப்பட்டது. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்தில் இருக்கும் பெரிய பல்சக்கரத்தால் மலை ஏறினார்கள். உலகத்திலேயே பலசாலியான கால்கள்! அந்தக் கால்களே மேடு வந்தால் இறங்கிச் சக்கரத்தைத் திருப்பிப் போட்டிருக்கின்றன. நான் இடது கட்டைவிரலால் ஒரு விசையைத் தள்ளினால் போதும். எனக்கு வயது 44. தேகிராஞ்சு கணக்கில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது, சலுகை கேட்டால் தருவார் என்று நினைக்கிறேன்.

இப்போது

பத்து நாள் பதினெட்டு நாளாயிற்று. சீட்டை ஏற்றினேன், ஒரேயடியாக அல்ல, வாரத்துக்கு ஒரு விரல்கடை. வாரத்தில் நாலு நாள், முதலில் இருபது நிமிஷம். தூரம் பார்ப்பதில்லை, நேரம் மட்டும். ஹேண்டில்பாரில் இருந்த வேகமானியைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டேன். எவ்வளவு வேகம் என்பதற்குப் பதிலாகப் பேச முடிகிறதா என்று பார்க்கிறேன். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு உடையாமல் சொல்ல முடிந்தால் சரி. தனியாகப் பேசிக்கொண்டு சைக்கிளில் போகிறவனைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்களோ அதையே மற்றவர்களும் நினைக்கிறார்கள். மேட்டில் சின்னதில்தான் ஏறுகிறேன். முதல் தடவை மாற்றியபோது செயின் ஒருகணம் தயங்கி, கடகடவென்று சத்தம் போட்டு, உள்ளே விழுந்தது. கால் திடீரென்று காற்றில் மிதிப்பது போல் சுழன்றது. கேலிக்குரல் ஏதாவது வருகிறதா என்று காது தானாகப் பின்னால் போனது. தூரத்தில் ஒரு லாரி மட்டும்.

வேகம் குறைந்ததில் ஒரு லாபமும் இருக்கிறது. சமதளத்தில் நாம் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் காற்றோடுதான். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி, வேகத்தை வேகத்தாலேயே இரண்டு தடவை பெருக்கிய கணக்கில் ஏறுகிறது. மணிக்கு 20-லிருந்து 25-க்குப் போனால் வேகம் கால்பங்குதான் கூடுகிறது, காற்றுக்குக் கொடுக்கிற கூலி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. திருப்பிப் பார்த்தால், அந்த ஐந்து கிலோமீட்டரை விட்டுக்கொடுத்தால் பாதிக் கூலி மிச்சம். பழைய நாட்களில் அந்தக் கூலியைக் கொடுத்துக்கொண்டே இருந்ததால், அதே சாலையில் ஒரு கிணறு இருப்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இதைப் பெரிய ஞானம் என்று சொல்ல வரவில்லை. வேகமாகப் போவது மெதுவாகப் போவதைவிட இன்பமானது, யாராவது மறுத்தால் அவர்கள் வேகமாகப் போனதில்லை என்று அர்த்தம். எனக்கும் மறுபடி அந்த ஆறு நிமிஷம் வேண்டும். போன வாரம் ஒன்பதே கால் நிமிஷம். வேகமானிதான் டிராயரில் இருக்கிறது, கைக்கடிகாரம் கையில்தானே இருக்கிறது.

கூட்டாளிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். மறக்காது மறக்காது என்றாயே, பார் என்று. சிரித்தான். "மறக்காததுதான்டா பிரச்சனை" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "அந்த மேட்ட பாட்டி கியர்லயா ஏறுன?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்சநேரம் சத்தமே இல்லை. பிறகு, தன் வண்டியிலும் டியூப் மாற்ற வேண்டியிருக்கும் என்று நினைப்பதாகச் சொன்னான். பிரேக் கட்டையை முதலில் பார் என்று சொல்லிவைத்தேன்.

நேற்று மறுபடி செயின் துடைக்கிற நாள். மகள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். சின்னப் பல்சக்கரத்தின் இருபத்தெட்டுப் பற்களிலும் கறுப்பு மசி அப்பியிருந்தது. நாலைந்து பல் நுனியில் பூச்சு போய் வெள்ளை உலோகம் தெரிந்தது. "ஐயே, இதுவும் அழுக்காயிடுச்சு" என்றாள். "அத விட்டுடும்மா, அப்படியே இருக்கட்டும்" என்றேன். அவள் கேட்கவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு பல்லாக, மண்ணெண்ணெயில் முக்கி முக்கித் தேய்த்து, பழையபடி பளபளவென்று ஆக்கிவிட்டுத்தான் எழுந்தாள். நான் எண்ணெய் விட்டேன். காலையில் மேட்டுக்குப் போக வேண்டும்.